பீரோவில் பூட்டிய நெட்டு

கொளஞ்சியப்பனுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் சந்தேகபுத்தி இருப்பது சகஜம்தான். சூளை பற்றவைத்த நாளில் வெளியாளை அதன் வாய்ப்பக்கம் அண்ட விடமாட்டார்கள், கண் பட்டால் சரக்கு விரிசல் விடும் என்பார்கள். பீங்கானுக்குப் பளபளப்புக் கொடுக்கும் பூச்சுக் கலவை எழுதிய நோட்டைப் பெற்ற பிள்ளைக்கும் காட்டமாட்டார்கள். ஆனால் மற்றவர்கள் அந்தச் சந்தேகத்தைச் சூளையோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு தின்பார்கள். இவர் அதையும் மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் அவர் வீட்டுக்கு ஒயர்லெஸ் நெட்டு வந்தது. டவரிலிருந்து காற்றிலேயே வருமாம். கம்பெனிக்காரன் கொம்பு முளைத்த ஒரு சின்னப் பெட்டியைக் கிழக்கு ஜன்னலில் வைத்து, அதிலிருந்து ஒரு ஒயரைக் கம்ப்யூட்டருக்கு இழுத்துவிட்டுப் போனான். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே பச்சமுத்து வீடு. அவரும் இவரைப் போலவே மின்சாரப் பெட்டிக்கான பீங்கான் பியூஸ் கேரியர் செய்கிறவர். அவர் ஜன்னலிலும் அதே வாரம் அதே மாதிரி ஒரு பெட்டி முளைத்தது.

ஒருநாள் சாயங்காலம் நெட்டு கொஞ்சம் மெதுவானது. கொளஞ்சியப்பன் கம்பெனிக்கு போன் போட்டார். "அக்கம்பக்கத்துல நிறைய பேர் ஒரே நேரத்துல யூஸ் பண்ணினா ஸ்பீடு குறையும் சார்" என்றாள் அங்கிருந்த பெண். போதாதா? வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது.

"பாத்தியாம்மா, நம்ம நெட்ட அவன் உறிஞ்சறான்" என்றார் மருமகள் சிவசங்கரியிடம். அன்றைக்கே பெட்டியை ஜன்னலிலிருந்து எடுத்தார். பூச்சு நோட்டு இருக்கும் இரும்பு பீரோவில் வைத்தார். ஒயர் மட்டும் கதவிடுக்கில் எட்டிப்பார்த்தது. சாவி அவர் இடுப்பில்.

அதற்கப்புறம் நெட்டு ஊர ஆரம்பித்தது. ஊர ஊர, பச்சமுத்து மேல் சந்தேகம் ஏறிக்கொண்டே போனது. பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதைதான்.

மாசியில் சென்னைக் கம்பெனி ஒன்று பியூஸ் கேரியருக்கு டெண்டர் கேட்டது. நெட்டில்தான் போட வேண்டும், மத்தியானம் மூன்று மணிக்குள். இது கிடைத்தால் வருஷம் முழுக்கச் சூளை எரியும். கிடைக்காவிட்டால் சித்திரையோடு ஆட்களை நிறுத்த வேண்டியதுதான். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கடைசி நாளன்று காலை பத்து மணிக்கே சிவசங்கரி காகிதங்களை நெட்டில் ஏற்ற ஆரம்பித்தாள். பாதியில் நின்றது. மறுபடி ஏற்றினாள். மறுபடி நின்றது. மணி ஒன்றரை ஆகிவிட்டது.

"மாமா, பெட்டிய ஜன்னல்லயே வெச்சுப் பாக்கலாங்களா?"

"அவன் பாக்கறதுக்கா?"

"அப்ப பஸ் ஸ்டாண்டுகிட்ட பிரவுசிங் சென்டருக்காவது போயிட்டு வரேன்."

"அந்தக் கடைக்காரன் பச்சமுத்துவுக்கு என்னா வேணும்னு தெரியுமா? சம்பந்தி மொற!"

இரண்டு மணிக்கு அவருக்குப் பொறுமை போயிற்று. தெருவைத் தாண்டிப் போய்ப் பச்சமுத்து வாசலில் நின்று கத்தினார். "டெண்டர் நாளும் அதுவுமா எங்க நெட்டுல கை வைக்கிறியா? மொதல்ல உன் கம்ப்யூட்டர நிறுத்துய்யா!"

பச்சமுத்து திகைத்துப் போனார். உள்ளே போய் நிறுத்திவிட்டு வந்தார். "நிறுத்திட்டேண்ணே. ஆனா எங்க வூட்டுல நல்லாத்தான் வருது. அந்தக் காகிதத்த எடுத்துக்கிட்டு இங்க வந்துடுங்க. பத்து நிமிஷத்துல போயிடும்."

கொளஞ்சியப்பன் உடம்பெல்லாம் உஷாரானது. ஓகோ, விலையைப் பார்த்துக்கொள்ளவா? "உன் தயவு ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

மூன்றடிக்கும்போது கடைசிக் காகிதம் பாதியில் இருந்தது. திரையில் நேரம் முடிந்தது என்று வந்தது. சிவசங்கரி முகத்தை மூடிக்கொண்டாள். அவர் பச்சமுத்துவின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தார்.

ஐந்து மணிக்கு டெண்டர் போட்டவர்களின் பெயரும் விலையும் வெளியாயின. அந்த ஒரு பக்கம் திறக்கவே கால்மணி நேரம் பிடித்தது. நான்கு பெயர்கள். எல்லோர் விலையும் கொளஞ்சியப்பன் போட இருந்த விலைக்கு மேலே. பச்சமுத்துவின் பெயர் அதில் இல்லை.

"வேற பேருல போட்டிருப்பான்" என்றார். அதை அவரே அவ்வளவாக நம்பவில்லை.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பச்சமுத்து நின்றார். "டெண்டரு போய்ச் சேந்துச்சாண்ணே?"

"உனக்கெதுக்கு?"

"நான் சூளைய மூடிட்டேங்க. ஒரு மாசமாச்சு. உங்களுக்கு ஆர்டர் வந்தா எங்கிட்ட இருந்த பொம்பளைங்க ஆறு பேருக்கு உங்க எடத்துல வேல கேக்கலாம்னு இருந்தேன். காலையிலேருந்து கொளஞ்சியப்பர் சாமிய வேண்டிக்கிட்டே இருந்தேன்." குரல் தணிந்தது. "நான் கம்ப்யூட்டர நிறுத்துனது லேட்டாயிடுச்சோ? என்னாலதான் போச்சுங்களா?"

ஒரு மாதமாக அந்தச் சூளையில் புகை வராததைக் கொளஞ்சியப்பனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். திருட்டுத்தனமாகக் கேஸ் சூளைக்கு மாறிவிட்டான் என்று நினைத்திருந்தார். இப்போது ஆமாம், உன்னால்தான் என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்த மனுஷன் நம்பிவிடுவான், அழுதாலும் அழுவான். சிவசங்கரி கதவோரம் வந்து நின்று மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"உன்னால இல்ல" என்றார். "நீ கூப்பிட்டப்ப உங்க வூட்டுக்கு வந்திருந்தா போயிருக்கும். நான்தான் வரல."

பச்சமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"ஏண்ணே வரல?"