வெண்டலுக்கு வேண்டிய கூரை

எங்கள் வீட்டுக் கூரைக்குப் பத்தொன்பது வயது. ஜூன் மாதம் புயல் பருவம் தொடங்குவதற்குள் புதுக் கூரை போடாவிட்டால் காப்பீட்டை ரத்து செய்துவிடுவோம் என்று நிறுவனம் மார்ச்சிலேயே கடிதம் போட்டுவிட்டது. ஃபுளோரிடாவில் காப்பீடு இல்லாத வீடு அடுத்த புயல் வரைக்கும்தான் வீடு. புதுக் கூரைக்காக இருபத்தாறாயிரம் டாலர் சேர்த்து வைத்திருந்தோம். என் கணவன் வெண்டலும் ஒரு கூரையைப் பார்த்துத்தான் வைத்திருந்தான். பழைய ஜெர்மன் கார் ஒன்றின் இரும்புக் கூரை அது. பொத்தானை அமுக்கினால் பதினெட்டு நொடியில் மடங்கி டிக்கிக்குள் போய்விடுமாம். ஒழுகுகிற கூரைக்குச் செலவழிக்க மனம் வராத மனுஷன், காணாமல் போகிற கூரைக்கு இருபத்துநாலாயிரம் கொடுக்கக் கிளம்பினான்.

"சும்மா பாத்துட்டு வரலாம், மார்லீன். பாக்குறதுக்குமா காசு கேக்கப் போறாங்க?" என்றான். சும்மா பார்க்கப் போகிறவனின் சட்டைப் பையில் செக் புத்தகம் துருத்திக்கொண்டிருந்தது.

நானும் கூடவே போனேன். புயலில் மூழ்கிய கார்களைச் சோதித்து, இது தேறும், இது தேறாது என்று முப்பத்தொரு வருஷம் எழுதிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கடற்கரையில் விலைக்கு வருகிற பழைய கார்களில் பாதிக்காவது நீச்சல் தெரியும். இதிலும் ஒரு குறை அகப்படாமலா போகும் என்று தெம்பாக இருந்தேன்.

விற்பவர் பெயர் ஹாலிஸ். ஓய்வு பெற்ற பல் டாக்டர். காருக்கு அடியில் கம்பளம் விரித்து வைத்திருந்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில்கூட அவ்வளவு நல்ல கம்பளம் கிடையாது. செலவு ரசீதுகளை வருஷவாரியாகக் கோப்பில் அடுக்கியிருந்தார்.

"மழையில வெளிய எடுத்ததே இல்லீங்க," என்றார்.

ஃபுளோரிடாவில் இவருக்கு மட்டும் தனியாக ஒரு வானம் ஒதுக்கியிருந்தார்கள் போல. வேலையைத் தொடங்கினேன்.

டிக்கியின் விரிப்பைத் தூக்கினேன். கூரையைத் தூக்கி இறக்கும் பம்ப் அங்கேதான் பள்ளத்தில் இருக்கும். தண்ணீர் புகுந்தால் முதலில் குடிப்பது அதுதான். அது காய்ந்து பளபளவென்று இருந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை இழுத்தேன். மூழ்கிய காரில் அங்கே ஒரு அழுக்குக் கோடு விழுந்திருக்கும். கோடு இல்லை. சீட்டுக்கு அடியில் வண்டல் தேடி விரலை விட்டேன், ஒரு புதினா மிட்டாய் கிடைத்தது. கூரையை மூன்று தடவை மடக்கச் சொன்னேன். ஒரு முனகல்கூட இல்லாமல் மடங்கித் தொலைத்தது. என் வாழ்நாளில் இவ்வளவு யோக்கியமான காரைப் பார்த்ததில்லை, எரிச்சலாக வந்தது.

"கூரைய மடக்கினா டிக்கியில ஒரு ரொட்டிப் பாக்கெட் வைக்கத்தான் எடம் இருக்கு," என்றேன்.

"நாம என்ன யானையா வாங்கிட்டு வரப்போறோம்? ரொட்டிதானே!" என்றான் வெண்டல். அதற்குள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தான். வழுக்கையில் வெயில் விழ, சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பார்த்து இருபது வருஷம் இருக்கும். பயந்துபோனேன். அவன் கை சட்டைப் பைக்குப் போனது.

"எறங்கு, வெண்டல். இது தண்ணியில நின்ன கார்," என்றேன்.

அவன் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். உடனே இறங்கிவிட்டான்.

"இவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும் டாக்டர். முப்பத்தொரு வருஷம் இதே வேலை. இவ கண்ணுலேருந்து ஒண்ணும் தப்பாது," என்று பெருமையாக வேறு சொன்னான்.

ஹாலிஸின் முகம் வெளுத்துவிட்டது. "மூணு வருஷம் முன்னாடி புயல் வந்தப்போ நான் மிச்சிகன்ல இருந்தேன். கராஜுக்குள்ள தண்ணி வரலேன்னு பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான், நானும் நம்பிட்டேன்." ரசீதுக் கோப்பை மூடினார். "தெரிஞ்சே ஏமாத்துனான்னு எனக்குப் பேரு வேணாம். பாதி குடுங்க போதும். பன்னெண்டாயிரம்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது.

"கண்ணு! பாதி வெல!" வெண்டல் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நனைஞ்சா என்ன, இப்பக் காஞ்சுதானே கெடக்கு? மிச்சத்தோட கொஞ்சம் கடன் வாங்கினா கூரையும் போட்டுடலாம்!"

வாயை மூடிக்கொண்டிருந்தால் காரும் வரும், கூரையும் வரும். ஒரு நல்ல மனுஷனின் பன்னிரண்டாயிரம் டாலர் மட்டும் போகும். காரைப் பற்றிப் பொய் சொல்லிக் காசு பார்க்கிற ஆட்களைப் பிடித்துக் கொடுப்பதுதான் முப்பத்தொரு வருஷம் என் பிழைப்பு. ஒரு பொய் அறிக்கைகூட எழுதாமல் ஓய்வு பெற்றவள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"டாக்டர், ஒங்க காருல ஒரு சொட்டுத் தண்ணிகூடப் பட்டதில்ல. நான் பொய் சொன்னேன். கேட்ட வெலைக்குத் தகும்," என்றேன்.

ஹாலிஸ் பொத்தானை அமுக்கினார். கூரை டிக்கியிலிருந்து எழுந்து மூடும் வரை மூவரும் நின்று பார்த்தோம். பதினெட்டு நொடி அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"கெளம்புங்க. ஒங்களுக்கு விக்கிறதா இல்ல," என்றார்.

திரும்பும்போது எங்கள் பழைய வேனை வெண்டல்தான் ஓட்டினான். கூரைப் பணம் ஒரு டாலர் குறையாமல் இருந்தது. நான் எதற்காகப் போனேனோ அது நடந்துவிட்டது. திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கில் வேன் நின்றபோதுதான் வாயைத் திறந்தான்.

"எங்கப்பாவோட படகு. அடி இத்துப்போச்சு, ஏறினா முழுகிடும்னு சொல்லி விக்க வெச்சியே. நெஜமாவே இத்துப்போயிருந்துச்சா?"

"இத்துத்தான் போயிருந்துச்சு, வெண்டல்."

சத்தியமாக இற்றுப்போயிருந்தது. என் கட்டைவிரல் பலகைக்குள் அப்படியே இறங்கியது.

"சரி," என்றான். பொருள் விற்க வீட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம் நம்பாமலே தலையாட்டுவானே, அப்படித் தலையாட்டினான்.