இரும்பு டானிக்

செண்பகவல்லி சமைத்ததை ஒன்பது ஆண்கள் சாப்பிட்டார்கள். அவர்களில் ஒருவன் அவள் புருஷன். மற்றவர்கள் ஊர்க்காரர்கள்; பெண்டாட்டி பிள்ளைகளைத் திருநெல்வேலிப் பக்கம் விட்டுவிட்டு பம்பாய்க்கு வந்து தோல் பட்டறையிலும் மில்லிலும் கடைகளிலும் வேலை பார்ப்பவர்கள். தாராவியில் அப்படிப்பட்டவர்களுக்கு மாதச் சாப்பாடு போடுவது குடும்பம் நடத்துகிற பெண்கள் பலரும் செய்கிற காரியந்தான். கல்யாணமாகி வந்த மறுவாரமே கணேசபாண்டியன் இரண்டு பேரைக் கூட்டிவந்து பந்தியில் உட்கார வைத்தான். பிறகு நாலு பேர் ஆனார்கள். அதற்குப் பிறகு இன்னும் எத்தனை பேர் என்று கேட்பதையே அவள் விட்டுவிட்டாள்.

அந்த வருஷத்து மழைக்காலத்தில்தான் அது தொடங்கியது. அதற்கு என்ன பேர் என்று அவளுக்குத் தெரியாது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ரேஷன் அரிசியைக் கழுவ உட்கார்ந்தால் கழுவிக்கொண்டே இருப்பாள். தண்ணீர் தெளிந்த பிறகும் கை நிற்காது. இந்த அரிசியை எதற்காக வேகவைக்க வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். பதில் தெரிந்த கேள்விதான். ஆனாலும் அந்தப் பதில் வேறு யாரோ வீட்டுப் பெண்ணுக்குச் சொந்தமானதுபோலத் தள்ளி நிற்கும். குழாயடியில் பெண்கள் சிரித்தால், இவர்களுக்கு எங்கிருந்து சிரிப்பு வருகிறது என்று அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தபின்தான் நினைவு வரும்.

ஒருநாள் கணேசபாண்டியனிடம் சொல்லிவிட்டாள். அவன் கெட்டவன் இல்லை. கடைசிவரை கேட்டான். பம்பாய்க்கு வெளியே டோம்பிவிலியில் ஒரு அறை வாங்கிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. இந்தப் பந்தியிலிருந்துதான் அந்த அறை வந்தாக வேண்டும். அப்படியிருந்தும் சொன்னான்: “பொங்கல் வரைக்கும் பாப்போம். அப்பவும் ஒனக்கு முடியலைன்னா எல்லாரையும் வேற எடம் பாத்துக்கிடச் சொல்லிருதேன். சத்தியமா.”

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் தீபாவளியைக் கடந்தாள்.

சாப்பிட வருகிறவர்களில் மூத்தவர் ஆறுமுகநயினார். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு மருந்துக் கடையில் பெட்டி பிரித்து அடுக்குகிற வேலை அவருக்கு. செண்பகவல்லியின் முகம் வெளுத்துக் கிடப்பதை எல்லாருக்கும் முன்னால் கவனித்தவர் அவர்தான். ஒருநாள் சாயங்காலம் பழுப்பு நிறப் பாட்டில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். தீபாவளிக்கு ஊருக்குப் போகாதவர்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கியது என்றார்.

“ரத்தத்துல இரும்பு கொறஞ்சா மனசு தொங்கிரும், தங்கச்சி. அழுகை, கவலை, எதுலயும் பிடிப்பில்லாம இருக்கது, எல்லாம் அதுனாலதான். மாதுங்காவுல ஆபீஸ்காரங்க வீட்டுப் பொம்பளைங்க வந்து கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. டாக்டர் சீட்டே வேண்டாம்.”

அவள் பாட்டிலை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். எத்தனையோ மாதங்களாக அவள் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தாள், இவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

துருப்பிடித்த ஆணியைச் சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டதுபோல இருந்தது அதன் ருசி. தினமும் சாப்பாடு முடிந்ததும் இரண்டு கரண்டி. அவள் குடித்து முடிக்கிறவரை ஆண்கள் கை கழுவ எழுந்திருக்க மாட்டார்கள். அவள் முகம் சுளிப்பதைப் பார்த்துச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலச் சிரிப்பார்கள்.

பாட்டில் பாதியானபோது ஆறுமுகநயினார் கேட்டார்: “என்ன தங்கச்சி, மருந்து ஒத்துக்கிட்டா?”

அவள் வளர்ந்த வீட்டில், சோறோ மருந்தோ கொடுத்தவர் முகத்துக்கு நேரே அது சேரவில்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. சொன்னால் கொடுத்தவரின் கைராசியையே குறை சொன்னதாகும். அந்தக் கை அப்புறம் யாருக்கும் எதையும் கொடுக்கத் தயங்கும். மனசு ஒரு இம்மியும் அசையவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாய் அதுபாட்டுக்குப் பேசியது.

“ஒத்துக்கிட்டு அண்ணாச்சி. தெம்பா இருக்கு.”

பந்தியில் எல்லார் முகமும் மலர்ந்தது. கணேசபாண்டியன் முகமும்தான். அதைப் பார்த்த பிறகுதான், தான் எதைச் சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

உடம்பும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டது. நகங்கள் சிவந்தன. மாடிப்படி ஏறினால் வந்த மூச்சிரைப்பு நின்றது. அடுத்த அறைப் பேராச்சி குழாயடியில் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“ஏட்டி, கன்னத்துல யாரு சாயம் பூசினா? இரும்பாக் குடிச்சுக் குடிச்சு நீ தண்டவாளமா ஆயிராத. ரயிலை விட்டுருவானுவ ஒம்மேல.”

மனசு மட்டும் அப்படியேதான் கிடக்கிறது மயினி என்று செண்பகவல்லி மெதுவாகச் சொன்னாள். பேராச்சி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

“எனக்கு மனசு எங்கன இருக்குன்னு பாக்கக்கூட இன்னைக்கு வரைக்கும் நேரமில்ல. எனக்கு எவன் டானிக்கு வாங்கிக் குடுத்தான்?”

வெளுத்த முகம் ஒன்றுதான் அவளுக்குச் சாட்சியாக இருந்தது. இப்போது அதுவும் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது. கண்ணாடியில் தெரிந்த பெண் நன்றாக இருந்தாள். அவளைப் பார்க்கிற யாரும் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்வார்கள். உள்ளே இருக்கிறவள் தட்டினால் சத்தம் வெளியே கேட்காத அளவுக்கு அந்த முகம் தேறிவிட்டது.

அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் டானிக் குடித்தாயா என்றார்கள். குழம்பில் உப்பு மறந்தால் அதையே கேட்டார்கள். ஒருமுறை, யாரோ மூன்றாம் தடவையாகச் சோறு கேட்டபோது, கரண்டியைத் தரையில் ஓங்கி வைத்தாள். கணேசபாண்டியன் ஒன்றும் கேட்காமல் எழுந்து போய்ப் பாட்டிலை எடுத்து, அன்றைக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றித் தந்தான். பாட்டில் தீர்வதற்கு முன்பே அடுத்த பாட்டில் வந்துவிடும். கோபமும் அழுகையும் அவளுடையவையாக இல்லாமல் போயின. இரும்பு குறைந்தால் வருபவை, ஊற்றினால் போய்விடுபவை என்று ஆகிவிட்டது.

பொங்கலுக்கு முந்தைய வாரம். சாயங்காலப் பந்தி. கணேசபாண்டியன் சாப்பிட்டபடியே, ஊரிலிருந்து வெயிலுமுத்துவும் அவன் தம்பியும் புறப்பட்டுவிட்டதாகச் சொன்னான். தை பிறந்ததும் அவர்களுக்கும் இங்கேதான் சாப்பாடு. அவன் அதை அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. சோற்றைப் பார்த்துச் சொன்னான். ஆறுமுகநயினார்தான் அவள் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சிக்கு இனிமே என்ன? இன்னும் பத்துப் பேரு வந்தாலும் தாங்கும்.”

அவள் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். கைராசியும் மரியாதையும் அவள் நினைவுக்கு வந்தன. வந்ததும் தெரிந்தே அவற்றைத் தாண்டினாள்.

“எனக்கு அது ஒத்துக்கிடல, அண்ணாச்சி. மொதல்ல இருந்தே ஒத்துக்கிடல. நீங்க வருத்தப்படுவியள்னு பொய் சொன்னேன்.” குரல் நடுங்கவில்லை, அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. “ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. எனக்கு முடியல. இந்த அடுப்பு முன்னால நிக்க எனக்கு முடியல.”

மென்று கொண்டிருந்த வாய்கள் நின்றன. ஆறுமுகநயினாரின் முகம் சுருங்கியது. அவள் அவரைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது அந்த முகத்தில் மறுபடி வெளிச்சம் வந்திருந்தது.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கப்பிடாதா? ரத்தம் ஊறிட்டு, அதுல கொற இல்ல. இது நரம்பு. இதுக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும். மாத்திரையாவே வருது. நாளைக்கே கொண்டாந்துருதேன்.”

மில்லில் வேலை பார்ப்பவர் ஒருவர், சுண்ணாம்போடு பாஸ்பரஸும் சேர்ந்திருக்க வேண்டும், தன் மைத்துனி அப்படித்தான் தேறினாள் என்றார். இன்னொருவர் பாலில் கலந்து குடிக்கிற பவுடர் ஒன்று உண்டு என்றார். எது நல்லது என்று பேச்சு சூடு பிடித்தது. அவர்கள் குரலில் அக்கறை இருந்தது, மகிழ்ச்சிகூட இருந்தது. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போடலாமே என்று செண்பகவல்லி நினைத்தாள். அவள் வெளியே எடுத்து வைத்த உண்மையையும் அவர்கள் ஒரு பாட்டிலுக்குள் போட்டு மூடிவிட்டார்கள்.

கணேசபாண்டியன் மட்டும் அந்தப் பேச்சில் சேரவில்லை. சோற்றில் இருந்த அவன் கை அசையாமல் நின்றது. அவன் தலை தூக்கி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு சந்தேகமும் இல்லை. அவள் சொன்னது அவனுக்கு முழுசாகப் புரிந்திருந்தது. இன்றைக்குத்தான் புரிந்ததாகவும் தோன்றவில்லை. இதோ சொல்லப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள். ஒரு சொல் போதும், பொங்கல் வரைக்கும் என்று சத்தியம் செய்தவன் அவன்தானே.

அவன் குனிந்தான். சிதறிக்கிடந்த சோற்றை விரல்களால் கூட்டி, நடுவில் குழி பறித்தான்.

“ரசம் ஊத்து” என்றான்.

அவள் ஊற்றினாள். குழி நிரம்பித் தட்டின் விளிம்புவரை ஓடியது. போதும் என்று அவன் கையைக் குறுக்கே நீட்டியதும் அடுத்த தட்டுக்கு நகர்ந்தாள்.