சுவருக்கு நான் வைத்த விலை

அந்தச் சுவருக்கு மாதம் எட்டாயிரம் தைவான் டாலர் என்று விலை வைத்தேன். கொடுப்பதற்கு அல்ல, வாடகையில் குறைப்பதற்கு.

தீஹுவா தெருவில் எண்பது வருடம் தேயிலைக் கிடங்காக இருந்த கட்டடம். வந்திறங்கிய பெட்டிகளைக் கணக்குப்பிள்ளைகள் பின்கூடத்துச் சுவரிலேயே தூரிகையால் கோடு போட்டு எண்ணியிருந்தார்கள். ஐந்து கோடு சேர்ந்தால் ஒரு சீன எழுத்து, அப்படி ஆயிரக்கணக்கில். சுண்ணாம்பு உரிந்த இடங்களில் கறுப்பு மை இன்னும் மங்கவில்லை. எங்கள் வடிவமைப்பு நிறுவனத்தில் ஐந்து பேர். சுவரைப் பார்த்ததும் கூட்டாளி ரோ-யின் என் கையைக் கிள்ளினாள். "இங்கதான். வேற எதையும் காட்டாத."

நான் துணிச் சந்தையில் வளர்ந்தவன். பிடித்த துணியை முதலில் திட்ட வேண்டும் என்பதை எங்கள் வீட்டில் நடை பழகுமுன்பே பழகிவிடுவோம். ஆகவே கட்டடத்தின் சொந்தக்காரர் லியாவ் அம்மாவிடம் முகத்தைச் சுளித்தேன். "என்னம்மா இது, கிறுக்கின சுவரு? வர்ற வாடிக்கையாளருங்க என்ன நினைப்பாங்க?" அவர் முகம் சிவந்தது. நாற்பத்தெட்டாயிரம் வாடகை நாற்பதாயிரத்தில் வந்து நின்றது. எப்படிக் குறைத்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டு, கூட்டாளிகளிடம் ஒரு வாரம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

கையெழுத்துப் போட வேண்டிய நாள் காலை எட்டரைக்கு லியாவ் அம்மாவே அழைத்தார்.

"ஹான், நீ சொன்னது உறுத்திட்டே இருந்துச்சுப்பா. அழுக்குச் சுவரோட வாடகைக்கு விட்டா தெருவுல எப்படித் தலைகாட்டுறது? சின் மேஸ்திரி வந்துட்டாரு. பதினோரு மணிக்கு நீங்க வரும்போது வெள்ளைவெளேர்னு இருக்கும்."

வாயில் பற்பசை நுரையோடு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பழைய அலுவலகத்தை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். மற்ற நால்வரும் சம்மதித்ததே அந்தச் சுவருக்காக. சுவர் போனால் ரோ-யின் கையெழுத்துப் போடமாட்டாள். யாரால் போயிற்று என்று தெரிந்தால் என்னோடு பேசவும் மாட்டாள். சிவப்பு விளக்கில் தொண்ணூறு வினாடி. அதற்குள் ஒரு பெயின்ட் உருளை எத்தனை முறை ஏறி இறங்கும்? பாலத்தடியில் இன்னொரு சிவப்பு.

பின்கூடத்தில் ஒரு கதவு அகலத்துக்குச் சுவர் வெளுத்திருந்தது. மேஸ்திரி உருளையை மறுபடி வாளியில் தோய்த்தார்.

"நிறுத்துங்க மேஸ்திரி! சுவர்ல ஈரம் இருக்கு. பெயின்ட் நிக்காது."

அவர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "கருவாடா காஞ்சு கிடக்கு. முப்பது வருஷமா இதே வேலைதான் தம்பி." உருளை ஏறியது. இன்னும் ஒரு முழம் போயிற்று.

பக்கத்தில் நின்று மேற்பார்த்துக்கொண்டிருந்த லியாவ் அம்மாவிடம் திரும்பினேன். "எதுக்கும்மா வீண் செலவு? நாங்களே அடிச்சுக்கறோம்."

"சும்மா இருப்பா. கண்ட சுவரைத் தலையில கட்டிட்டேன்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது."

மேலும் நான்கு வரிசை எழுத்து மறைந்தது. எங்கள் பரம்பரையில் எவர் வாயிலும் வராத வார்த்தை என் வாயில் வந்தது.

"அம்மா, அந்தச் சுவர் எனக்குப் பிடிச்சிருக்கு."

உருளை நின்றது.

"பிடிச்சிருக்கா?"

"அதுக்காகத்தான் இந்த இடமே. வாடகை குறையட்டும்னு திட்டினேன்."

லியாவ் அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுவரைப் பார்த்தபடி நடந்தார்.

"நீ யார் பையன்?"

"யோங்லே சந்தை, சூ துணிக்கடை."

"அதானே! உங்கப்பன்கிட்ட திரைச்சீலை வாங்கப் போய் பஸ்ஸுக்குக் காசில்லாம நடந்து வந்தவ நான்."

"அக்கா," என்றார் மேஸ்திரி, "நான் அடிக்கவா, போகவா?"

"வாளியை மூடுங்க." ஒப்பந்தத்தில் நாற்பதை அடித்து நாற்பத்தெட்டு என்று எழுதினார். "கூலியும் பெயின்ட்டும் உன் தலையில."

தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

பதினோரு மணிக்கு மற்றவர்களோடு வந்த ரோ-யின் வெள்ளைப் பட்டையின்முன் நின்றாள். "இது எப்படி வந்துச்சு?"

மூன்று வருட ஒப்பந்தம். நான் பீற்றிய நாற்பதாயிரத்துக்கு மேல் மாதம் எட்டாயிரம், என் பையிலிருந்து: இரண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம். மேஸ்திரி கூலி மூவாயிரம். பெயின்ட் இரண்டாயிரத்து நானூறு. ஆக மொத்தம் இரண்டு லட்சத்துத் தொண்ணூற்று மூவாயிரத்து நானூறு. ரோ-யினுக்கு ஒரு பதில், பாக்கி.