மாஸ்டர் காலுக்குக் கீழே ஒரு பிரேக்

"பாவம் என்பதையே அறியாமல் இந்த உலகில் நடமாடிய கடைசி மனிதர் நம்மை விட்டுப் பிரிந்தார்!"

போதகர் உரக்கப் படித்துவிட்டு, எப்படி என்பதுபோல் நிமிர்ந்தார். மகள் அந்தக் கடைசி மனிதரின் வலது காலில் ஷூவைத் திணித்துக்கொண்டிருந்தாள். ஏறவில்லை. உயிரோடு இருந்தபோது அப்பா இவ்வளவு அடம்பிடித்ததில்லை.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு ஐயா."

"கடைசி மனிதர்னு போட்டா, மத்தவங்க எல்லாரையும் குத்திக் காட்டுற மாதிரி ஆயிடுமோ?"

"இருக்கட்டும் ஐயா."

உண்மையாகவே அவளுக்குக் கேட்க நன்றாக இருந்தது. அழுது ஓய்ந்த காதுக்கு இதமாக இருந்தது.

அண்ணன் கதவருகே நின்றான். ஒரு பெரிய நிறுவனத்தில் மேலாளர். காலையிலிருந்து அப்பாவின் சாவை ஓர் ஆபீஸ் கூட்டம்போல நடத்திக்கொண்டிருந்தான். "பிரமாதம் ஐயா. அந்தப் பழைய விஷயம் மட்டும் எங்கயும் தலை காட்டக் கூடாது. எங்க டைரக்டர் வர்றார்."

போதகர் சபைக்குப் புதிது. பழைய விஷயம் எதுவென்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் வழக்கமும் அவருக்கு இல்லை. "புரியுது, புரியுது" என்றார்.

பழைய விஷயம் இதுதான். அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் காலுக்குக் கீழே இன்னொரு பிரேக். விடிந்தும் விடியாத ஒரு வேளையில், கற்றுக்கொள்ள வந்த ஒரு வக்கீல், திருப்பத்தில் சைக்கிளில் வந்த பேப்பர்காரரை இடித்துத் தள்ளினார். கால் முறிந்தது. வக்கீல் காரைவிட்டு இறங்குவதற்குள்ளேயே வழக்கை ஜெயித்துவிட்டார்: சைக்கிளில் விளக்கு எரியவில்லை. கூடியிருந்தவர்களுக்கும் எரியாத மாதிரியே ஞாபகம் வரத் தொடங்கியது. காவல் அதிகாரியும் அப்படியே எழுதப் பேனாவைத் திறந்தார்.

"வெளக்கு எரிஞ்சுது சார்" என்றார் மாஸ்டர். "நான்தான் பார்க்கல. எதிர்ல ஒருத்தன் புதுசா டிரைவிங் ஸ்கூல் தொறந்திருக்கான், பெரிய போர்டு. வயித்தெரிச்சல்ல அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன். என் காலுக்குக் கீழ பிரேக் இருந்துச்சு. மிதிக்கல."

வயிற்றெரிச்சலை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று அதிகாரி சற்று யோசித்தார். "ஓட்டுனது வக்கீல் சார்தானே? உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"அவர் பங்கை அவர் பார்த்துக்கட்டும். இது என்னோடது."

ஒரு வருடம் அவருடைய டிரைவிங் ஸ்கூலுக்கு உரிமம் போயிற்று. கார் வாசலில் தூசி தின்றது. "ஊர் ஒலகத்துல எவனாவது இப்படித் தானா போய் மாட்டிக்குவானா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆதாம் ஏவாளைக் கை காட்டினான். ஏவா பாம்பைக் கை காட்டினா. பாம்புக்குக் கை இல்ல, அதோட நின்னுது" என்றார் மாஸ்டர். "ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேக்கப் போறவன் சொந்தத் தப்பை எடுத்துட்டுப் போகணும்டி. அடுத்தவன் தப்பைத் தூக்கிட்டுப் போய் நின்னா, அவர் எதை மன்னிப்பாரு?"

பேப்பர்காரரின் கால் கூடும்வரை அவருடைய தெருக்களுக்கு மாஸ்டரே பேப்பர் போட்டார். அந்த வேலை அவருக்குச் சுத்தமாக வரவில்லை. பாதிப் பேப்பர் கூரையில் விழும். கதவைத் தட்டி மன்னிப்பு கேட்பார். தூக்கத்திலிருந்து எழுப்பியதற்குத் தனியாக இன்னொரு மன்னிப்பு. அந்த வருடம் ஊரே அவருக்குப் பயந்து சீக்கிரம் எழுந்தது.

ஆலயத்தில் டைரக்டர் முதல் வரிசையில் உட்கார்ந்து, சவப்பெட்டிக்கு நேராக இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர்காரர் காலை இழுத்து இழுத்து வந்தபோது அண்ணன் தங்கையின் காதில், "அவரைக் கடைசி பெஞ்சிலயே உக்கார வை" என்றான். அவரே கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தார்.

போதகர் வாசித்தார். குரல் ஏணி வைத்து ஏறியது. "எந்த மனிதருக்கும் எள்ளளவும் தீங்கு இழைக்காத கரங்கள்! எவரையும் நோகடிக்காத பாதங்கள்!"

"அப்ப என் காலு?"

பேப்பர்காரர் எழுந்து நின்றார். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. மாஸ்டர் ஒண்ணுமே பண்ணலன்னா, என் வெளக்குதான் எரியலன்னு ஆயிடுதே. நொண்டி நடந்தாலும் இந்த ஊர்ல நான் தல நிமிந்து நடக்குறேன். அது மாஸ்டர் அன்னைக்கு சொன்ன சொல்லு. அவர் போன அன்னைக்கே அதை அழிக்குறீங்களே."

போதகர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவளுக்குப் பார்க்க ஆள் இல்லை. பெட்டிதான் இருந்தது.

எழுந்தாள். நாக்கில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. யாருக்கும் நோகாத வாக்கியம்.

"ஐயா சபைக்குப் புதுசு, தெரியாம..."

நிறுத்தினாள். போதகர் நன்றியோடு தலையாட்டத் தொடங்கியிருந்தார்.

"இல்ல. காலையில எனக்குப் படிச்சுக் காட்டினார். பொய்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் நல்லா இருக்குன்னேன். அப்பாவைப் பத்தி அப்படிக் கேக்க ஆசையா இருந்துச்சு. தப்பு என்னோடது." பேப்பர்காரர் பக்கம் திரும்பினாள். "வெளக்கு எரிஞ்சுதுண்ணே. அப்பாதான் பார்க்கல."

"ஆமாம்மா" என்று பேப்பர்காரர் உட்கார்ந்தார்.

"உக்காருடி" என்றான் அண்ணன் பல்லிடுக்கில். டைரக்டர் மின்விசிறியை விட்டுவிட்டு முதல்முறையாகப் பெட்டிக்குள் இருந்தவரின் முகத்தைப் பார்த்தார்.

போதகரின் கையில் இன்னும் ஒன்றரைப் பக்கம் மீதி இருந்தது. அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மீதி நேரத்தை எப்படியாவது நிரப்ப, வாய்க்கு வந்த ஒரு பாட்டு எண்ணை அறிவித்தார். ஆர்கன் வாசிக்கும் அம்மாள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். போதகரிடம் கேள்வி கேட்டுப் பழக்கமில்லாததால் வாசிக்கத் தொடங்கினாள். சபை எழுந்து நின்று பாடியது. பேப்பர்காரரின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது.

போதகர் சட்டென்று கையை உயர்த்தி நிறுத்தினார். அவருடைய விரல் ஆர்கன் பக்கம் பாதி தூரம் போயிற்று. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு திரும்பி வந்து அவருடைய மார்பிலேயே பட்டது.

"அம்மா மேல தப்பு இல்ல. நம்பரை நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அதற்குள் சபையார், மணமக்கள் பிள்ளைகுட்டிகளோடு நீடூழி வாழ வேண்டுமென்று இரண்டு சரணம் பாடி முடித்திருந்தார்கள்.