உள்ளிருந்து திறக்கும் ஜன்னல்

புது வீட்டின் படுக்கையறை ஜன்னலுக்கு என் வீட்டுக்காரர் போட்டிருந்த கம்பிக்குள் பூனைகூட நுழைய முடியாது. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. குடிபோக அனுமதி தருமுன் வீட்டைச் சோதிக்க வந்த நகராட்சி அதிகாரி கம்பியை உலுக்கிப் பார்த்துவிட்டு, "இது தேறாது" என்றார்.

"ஏன் சார்? எந்தத் திருடனும் உள்ளே வர முடியாதே."

"தீப்பிடிச்சா நீங்க எப்படி வெளியே போவீங்க? உள்ளேருந்து திறக்கிற மாதிரி மாத்துங்க. அப்புறம் குடி வரலாம்."

அதிகாரியின் தலை மறைந்ததும் இவர் வாய் திறந்தது. வெல்டர் வந்து கம்பிக்குக் கீலும் கொண்டியும் வைத்து முடித்த பிறகும் மூடவில்லை. "திருடனுக்கு நானே வழி பண்ணிக் குடுத்திருக்கேன்" என்று புலம்பிய புலம்பலில் எனக்குக் காது புளித்துவிட்டது.

அதிகாரி மறுபடி வந்த அன்று நல்ல காற்று. நாங்கள் உள்ளே நிற்கும்போதே வாசல் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. எங்கள் சிறிய வீட்டுக்கு அது ஒன்றுதான் வாசல். இவர் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய பூட்டு மக்கர் செய்தது. சாவியைத் திருகித் திருகி இவருக்கு வியர்த்துக் கொட்டியதுதான் மிச்சம்.

நான் படுக்கையறைக்குப் போய்க் கொண்டியை நீக்கினேன். முதலில் நான் இறங்கினேன். அடுத்து இவர், தொந்தியை எக்கிக்கொண்டு. கடைசியாக வந்த அதிகாரியை இவரே கைகொடுத்து இறக்கினார்.

பேண்ட்டைத் தட்டிவிட்டு, அதிகாரி அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டார். "ஜன்னல் தேறிடுச்சு. அந்தப் பூட்டை மட்டும் மாத்திடுங்க."

"எந்தப் பூட்டு வாங்கலாம்னு நீங்களே சொல்லிடுங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர்.