வலது கண்ணுக்கான வில்லை

குணவதிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றுதான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் பேக்டரியில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அடேயப்பா! நாலு வருஷமாக, நாளுக்கு எட்டு மணி நேரம், அவள் செய்ததெல்லாம் ஒரே பொய்தான். அவளுக்கு வலது கண் தெரியாது.

பத்து வயதில், நிபோங் திபால் பள்ளிக்கூடத் திடலில், பேட்மிண்டன் பந்து வந்து அடித்த கண் அது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. உள்ளே வெறும் மூட்டம். வேலைக்குச் சேரும்போது கண் டெஸ்ட் வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். வைத்தார்கள். இடது கண்ணால் எழுத்துப் பலகையைப் படிக்கும்போதே மனப்பாடம் செய்துகொண்டு, வலது கண்ணுக்கும் அதையே கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். கெட்டிக்காரிதான், யார் இல்லை என்றது? அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் பின்னால் அவள் தலையிலேயே மண்ணைப் போட்டது.

வேலையோ கண்ணை நம்பிய வேலை. விமானம் பழுதுபார்க்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் ஒருவகை மூக்குக்கண்ணாடிக்கு அங்கே வில்லை செய்தார்கள். பார்க்க பிஸ்கட் அளவு கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான். ஆனால் அதன்மேல் கண்ணுக்கே தெரியாத கோடுகள் ஆயிரக்கணக்கில் கீறியிருக்கும். சாய்த்துப் பிடித்தால் சிடி தட்டு மாதிரி வானவில் அடிக்கும். ஓர் ஓரத்தில் குட்டி விளக்கு வழியாக ஒரு படத்தை உள்ளே விட்டால், அந்த ஒளி கண்ணாடிக்குள்ளேயே முட்டி மோதி ஓடி, கண்ணுக்கு நேராக இருக்கும் கோடுகள் வழியாக வெளியே வரும். கண்ணாடி இமையை ஒட்டி இருக்கும். படமோ பத்தடி தள்ளி அந்தரத்தில் நிற்கும். கையை நீட்டினால் காற்றுதான். பார்க்கிறவருக்கு மட்டும்தான் அது தெரியும், பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. தலை கொஞ்சம் விலகினால் பார்க்கிறவருக்கும் இல்லை.

இடது கண்ணுக்கு ஒரு வில்லை, வலது கண்ணுக்கு ஒரு வில்லை. வலது வில்லை வந்தால் குணவதி யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து முகத்தைத் திருப்பி, இடது கண்ணாலேயே பார்த்து முடித்துவிடுவாள். உள்ளே தெரிவது ஒரு குறுக்குக்கோடு. கோடு நேராக இருந்தால் பாஸ், வளைந்தால் ரிஜெக்ட். எந்தக் கண், என்ன தெரிந்தது, பாஸா ரிஜெக்டா என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கவே கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, மறுபடியும் கையெழுத்து. அந்தத் தாள் சாயங்காலம் ஜப்பானில் இருக்கிற தலைமை பேக்டரிக்கு ஃபேக்ஸில் போகும்.

எதிர் மேசையில் டெக்னீசியன் ஜெயராஜ். அந்த அறையில் எல்லாரும் தலைக்கு உறை, மூக்குக்கு மாஸ்க்; கண் மட்டும்தான் வெளியே. அந்தக் கண்ணைப் பார்த்தே குணவதிக்கு நாலு வருஷம் ஓடிவிட்டது. அவள் விளக்கு மங்குவதற்கு முன்னால் அவன் வந்து மாற்றிவிடுவான். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினோரு நாளும் கண்டீனில் அவளுக்கு நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், வாங்கி வைத்தவன் அவன்தான். அவளுக்கு அவன் மேல் உயிர். ஆனால் வாயைத் திறந்தால்தானே? அவளும் திறக்கவில்லை, அவனும் திறக்கவில்லை. இரண்டும் நல்ல ஊமைக் கோட்டான்கள்.

தொண்ணூற்றாறில் ஜெயராஜை ஜப்பானுக்கு எடுத்தார்கள். மூன்று வருஷம். பினாங்கிலிருந்து வரும் அந்த ஃபேக்ஸ் தாள்களைப் படித்துப் பார்ப்பதுதான் அங்கே அவன் வேலை. "ரொம்ப நல்லது லா," என்றாள் குணவதி. சொல்லிவிட்டு பேக்டரி பஸ்ஸில் ஏறி, கடல் பாலம் முடிகிற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

சனிக்கிழமை அவனுக்கு விமானம். வெள்ளிக்கிழமை வேலை முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது, தானே செய்த ஒரு புது ஸ்டாண்டைத் தூக்கிவந்து அவள் மேசையில் வைத்தான். தாடை வைக்க ஒரு பலகை. இடது கண்ணை மறைக்க ஒரு கறுப்புத் தகடு. திங்களிலிருந்து வலது வில்லையெல்லாம் இதில் வைத்துத்தான் பார்க்க வேண்டுமாம்.

"நீங்கதான் முதல்ல பாக்கணும், குணா," என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. "நிதானமா பாருங்க. பாத்துட்டு எனக்குப் பதில் சொல்லுங்க."

சூப்பர்வைசர் நவமணி அக்கா வேறு பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தைத் திருப்ப வழியே இல்லை. குணவதி தாடையை வைத்தாள். மூட்டம். அதற்குள் ஏதோ வெளிச்சம் கலங்கலாக ஆடியது. என்றைக்கும் சொல்வதையே சொன்னாள்.

"கோடு நேரா இருக்கு. பாஸ்."

"கோடா?" என்றான் ஜெயராஜ். "நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேன். நேரா இருக்கு." தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

அவன் அந்தத் தாளைப் படித்துப் பார்த்தான். பிறகு, "சரிங்க, புரியுது," என்று சொல்லிவிட்டுத் தன் மேசையிலிருந்த திருகாணிப் பெட்டியைக்கூட எடுக்காமல் வெளியே போனான். அப்போதும் இந்தப் பைத்தியக்காரிக்கு ஒரே பயம்தான்: ஐயோ, கண் விஷயம் தெரிந்துபோச்சோ?

திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். ஆள் வருவதற்குள் அந்த ஸ்டாண்டை ஏமாற்ற ஒரு வழி பழகிக்கொள்ள வேண்டும். கறுப்புத் தகட்டைத் திருகிக் கழற்றினாள், விளக்கைப் போட்டாள், இடது கண்ணைக் கொண்டுபோனாள்.

கோடு இல்லை. பத்தடி தள்ளி, காற்றில், ஜெயராஜின் கையெழுத்து.

"குணா, மூன்று வருஷம் உங்களைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாளைக்கு நான் ஏறமாட்டேன்."

தலை அசைந்தது, எழுத்து போய்விட்டது. பதறிப்போய் மறுபடி கண்ணை வைத்தாள், வந்தது. கையை நீட்டித் தொடப் பார்த்தாள். பத்தடி தள்ளி நின்ற எழுத்து எங்கே கைக்கு எட்டும்? ஒரு மனுஷன் உயிரைப் பிழிந்து எழுதிக் கேட்டிருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு, கோடு நேராக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். பார்த்தும் பார்க்காதது போல நடித்தாள் என்றல்லவா நினைத்திருப்பான்! மேசையில் தலையை வைத்து வாய்விட்டு அழுதாள்.

நவமணி அக்கா உள்ளே வந்தபோது குணவதி வெள்ளிக்கிழமைத் தாளை ஃபைலிலிருந்து எடுத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, ரிப்போர்ட்ல தமிழ்ல எழுதற?" என்று வாங்கிப் படித்தாள் அக்கா.

எந்தக் கண் என்ற இடத்தில் 'வலது' அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில்: 'வலது கண் எனக்குப் பத்து வயதிலிருந்து தெரியாது. இன்று இடது கண்ணால் பார்த்தேன்.' கையெழுத்து. என்ன தெரிந்தது என்ற இடத்தில் 'கோடு நேர்' அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில்: 'கோடு இல்லை. நீங்கள் எழுதியது இருந்தது. படித்தேன்.' கையெழுத்து. கடைசியில் 'பாஸ்' அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில்: 'போகாதீங்க. போயிருந்தால் திரும்பி வந்துடுங்க.' அதற்கும் ஒரு கையெழுத்து.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இதுல ஒரு காப்பி மேனேஜருக்கும் போகும், தெரியும்ல? உன் வேலை காலி. பேசாம ஒரு லெட்டர் போடேன் லா."

"லெட்டர்ல எழுதினா, வேணாம்னு சொல்லிட்டு இப்ப மனசு மாறி, கண்ணு தெரியலைன்னு சாக்கு சொல்றேன்னு நினைப்பாரு, அக்கா. இதுல எழுதினா வேலை போகும்னு அவருக்குத் தெரியும். அப்ப நம்புவாரு."

அக்கா சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய், தானே மெஷினில் வைத்துவிட்டு வந்தாள். "போயிருச்சுடி," என்று மட்டும் சொன்னாள்.

எட்டு மணிக்கு சங்கு ஊதியது. மற்றவர்கள் உறையும் மாஸ்க்குமாக வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். எதிர் மேசை காலியாகக் கிடந்தது. திருகாணிப் பெட்டி அங்கேயே இருந்தது. குணவதிக்கு முதலில் வந்தது ஒரு வலது வில்லை. அத்தனை பேர் பார்க்க வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். எந்தக் கண் என்ற இடத்தில் இடது என்று எழுதினாள்.