ரெண்டு கையெழுத்து

என் வீட்டுக்காரர் சந்திரமௌலிக்குப் பெற்ற பிள்ளையிடம் நேராகப் பேச வராது. நடுவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வேண்டியிருந்தது.

எங்கள் பிள்ளை ஜெயராம், இவர் சம்மதமில்லாமல் சிம்ராவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஈக்காட்டுத்தாங்கலில் குடிபோனதும், மயிலாப்பூர் வீட்டில் அவன் பேச்சே நின்றுபோனது. நான் சமையலறையில் நின்று அழுவேன். இவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். ஒரு வருஷம் இப்படி ஓடியது. அப்புறம்தான் அந்த சாஃப்ட்வேர் கம்பெனி ஷேர் கிடுகிடுவென்று ஏறியது.

அவன் காலேஜ் முடித்த வருஷம் அப்பா, பிள்ளை இருவர் பேரிலும் சேர்த்து வாங்கியது அது. விற்பதென்றால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தொண்ணூற்றொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரே போனைச் சுழற்றினார். ரசத்தை அடுப்பில் விட்டுவிட்டு ஓடி வந்தேன்.

"நான்தான். அந்த ஷேர் விலை அநியாயம். நூறு வருஷ லாபத்தை இன்னிக்கே விலையாக் குடுக்கறா ஜனங்கள். வித்துடலாம். உன் கையெழுத்து வேணும்."

எப்படி இருக்கே என்று ஒரு வார்த்தை உண்டா? அவனும் இவருக்குப் பிறந்தவன்தானே! "மாட்டேம்ப்பா, இன்னும் ஏறும்" என்றானாம்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இதே வழக்குதான். "அவா ஆபீஸ்ல என்னடா இருக்கு? நாலு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. கம்ப்யூட்டர்ல வருஷக் கணக்கைத் திருத்தறதுதானே இவா வேலை, ரெண்டாயிரம் பொறந்துட்டா அதுவும் கிடையாது" என்று இவர் கத்துவார். அவன் அந்தப் பக்கம் ஏதோ கத்துவான். போனை வைத்ததும் இவர் முகம் தெளிந்திருக்கும். இன்னும் கொஞ்சம் சாதம் போடச் சொல்லிச் சாப்பிடுவார்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது. ஆத்துக்கு வாடா என்று இவர் சொல்லவில்லை, வரட்டுமா என்று அவன் கேட்கவில்லை. என் மருமகளை நான் லஸ் முனையில் புடவைக் கடை வாசலில் திருட்டுத்தனமாகப் பார்க்க வேண்டியிருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு ஜெயராமுக்கு நானே போன் பண்ணினேன்.

"அப்பா சொல்றதுதான் சரின்னு சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து கையெழுத்துப் போடு. தனியா வந்தியோ, கதவைத் திறக்க மாட்டேன்."

இருவரும் வந்தார்கள். சிம்ரா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள். கையைப் பிடித்து இழுத்து வந்து கூடத்தில் உட்கார வைத்தேன். இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னதுதான் சரிப்பா. விலை ரொம்ப ஜாஸ்தி. ஃபாரத்தைக் குடுங்கோ" என்றான் ஜெயராம்.

இவர் முகம் செத்துவிட்டது. ஃபாரத்தை எடுத்து வந்தார், ஆனால் கொடுக்கவில்லை. மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இல்லடா, யோசிச்சுப் பார்த்தா நீ சொன்னதும் சரிதான். இன்னும் கொஞ்சம் ஏறட்டுமே. என்ன அவசரம்?"

"நீங்கதானேப்பா அநியாய விலைன்னேள்?"

"அது போன வாரம்."

அட ராமா! எனக்கு அப்போதுதான் உறைத்தது. விற்றுவிட்டால் அடுத்த ஞாயிறு எதைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடுவது என்று மனுஷர் பயந்து போயிருக்கிறார். என் கோபமெல்லாம் போய்விட்டது. ஆனாலும் நான் விடவில்லை.

"ரெண்டு பேரும் கட்சி மாறியாச்சு. இப்ப யார் தீர்ப்பு சொல்றது?" என்றேன்.

இவர் மெதுவாக, முதல் தடவையாக, சிம்ரா பக்கம் திரும்பினார்.

"நீ ஆடிட் ஆபீஸ்ல இருக்கியாமே. நீ சொல்லும்மா, வித்துடலாமா?"

நான் இவரிடம் அதைச் சொன்னதே இல்லை. யாரிடமோ விசாரித்து வைத்திருக்கிறார், திருட்டு மனுஷர்.

"வித்துடலாம் மாமா" என்றாள் சிம்ரா. "ஞாயித்துக்கிழமை நாங்க சும்மாவே வர்றோம்."

இவர் பேனா மூடியைக் கழற்றினார். குனிந்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, ஃபாரத்தைப் பிள்ளை பக்கம் நகர்த்தினார்.

"சும்மா எதுக்கு வரணும்?" என்றார் தலை நிமிராமலே. "சாப்பிட வாங்கோ."

அடுத்த ஞாயிறு வரை யார் காத்திருப்பது? நான் அப்போதே நாலு இலை போட்டேன்.